கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த ஸ்லைடுகள்

நான் அறிவியல் ஆசிரியை. என் வகுப்பறைக்கு முதன்முதலாகப் புரொஜெக்டர் வந்த வாரம், இரண்டு இரவு கண்விழித்து ரத்த ஓட்டப் பாடத்துக்கு 62 ஸ்லைடுகள் தயாரித்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு வரியைக்கூட விடவில்லை. வகுப்பில் ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டே விளக்கினேன். பிள்ளைகள் சத்தமே போடவில்லை. எல்லோரும் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்ல வகுப்பு என்றுதான் நினைத்தேன். நடுவில் மூன்று நான்கு முறை ஒரே வேண்டுகோள் வந்தது: "டீச்சர், முந்தின ஸ்லைடை இன்னொரு தரம் காட்டுங்க."

மறுநாள் ஒரு கேள்வி கேட்டேன். இதயத்தின் இடப்பக்கச் சுவர் ஏன் வலப்பக்கத்தைவிடத் தடிமனாக இருக்கிறது? முந்தின நாள் கை விரல்களை மூடித் திறந்து காட்டி ஐந்து நிமிடம் விளக்கிய விஷயம் அது. யாருக்கும் நினைவில்லை. ஒரு மாணவி நோட்டைப் புரட்டி, "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்துக் காணப்படும்" என்று திரையில் நான் போட்டிருந்த வரியை அப்படியே வாசித்தாள். "சரி, ஏன்?" என்றேன். "அது ஸ்லைடுல இல்லையே டீச்சர்" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காரணத்தை நான் வாயால்தான் சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பைக் கவனிக்கக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம். திரையில் ஆறு வரி வந்தது, படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் இருக்கும்போது அவர் ஏதோ உதாரணம் சொல்வது காதில் விழுந்தது. அதைக் கேட்கப் போனேன், நான்காவது வரி விட்டுப்போனது. வரிக்குத் திரும்பினேன், உதாரணத்தின் முடிவு தவறிப்போனது. பாடம் தெரிந்த எனக்கே இந்தப் பாடு. முதல்தடவை கேட்கிற பிள்ளை என்ன செய்யும்? பிறகு படித்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்ளும். என் 62 ஸ்லைடுகளும் ஓடி முடியும்வரை என் பிள்ளைகள் செய்தது அதைத்தான்.

படிப்பது கண்ணின் வேலை, கேட்பது காதின் வேலை, ஒன்றுக்கொன்று தொந்தரவு இருக்காது என்று நம்பியிருந்தேன். எழுத்தைக் கண் பார்த்தாலும் மனதுக்குள் ஒரு குரல் அதை வாசிக்கிறது. அந்தக் குரலும் ஆசிரியரின் குரலும் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. படத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. படத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்க முடியும். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் பல வருடங்கள் இதைச் சோதனை செய்து பார்த்திருக்கிறார். படமும் குரல் விளக்கமும் மட்டும் கிடைத்தவர்கள், அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எழுத்தைச் சேர்த்தால் உதவி கூடும் என்று எதிர்பார்ப்போம். அவர் சோதனைகளில் அது குறைந்தது. ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் அளவு உண்டு என்று ஜான் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988இல் எழுதினார். ஒரு சமயத்தில் நாம் மனதில் பிடித்துவைக்க முடிகிற தகவல் துண்டுகள் ஏறத்தாழ நான்குதான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் வாதிட்டார். ஆறு புல்லட் (முன்னால் புள்ளி வைத்த வரி) போட்ட ஸ்லைடோடு என் பேச்சும் சேர்ந்தால் பிள்ளையின் நிலைமை என்ன என்பதை இந்த எண்ணை வைத்தே யோசித்துப் பார்க்கலாம்.

ஆக, ஸ்லைடு நன்றாக இருக்க வேண்டுமானால் முதலில் வாக்கியங்களை அதிலிருந்து எடுக்க வேண்டும். நிறம், எழுத்துரு, அனிமேஷன் எல்லாம் அதற்கப்புறம்தான். இதைச் சொல்வது சுலபம். செய்ய உட்கார்ந்தால் மென்பொருளே நம்மை வேறு பக்கம் இழுக்கிறது. புது ஸ்லைடு திறந்ததும் மேலே தலைப்புக்கு ஒரு கட்டம், கீழே புல்லட்டுகளுக்கு ஒரு கட்டம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை நிரப்பத்தான் பார்க்கும். ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கிய பவர்பாயின்ட் 1987இல் மேக்கிண்டாஷ் கணினிக்கு வந்தது. கறுப்பு வெள்ளையில், ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான தாள்களை அச்சிடத்தான் அது பயன்பட்டது. அதன் மனதில் இருந்தது அலுவலகக் கூட்டம். பதின்மூன்று வயதுப் பிள்ளை முதல்தடவையாக ஒரு கருத்தைச் சந்திக்கும் தருணத்துக்காக அந்தக் கட்டங்களை யாரும் வரையவில்லை. அதனால் நான் இப்போது காலி ஸ்லைடில்தான் தொடங்குகிறேன். அதற்கும் முன்னால் தாளில் பென்சிலால் வரைந்துகொள்கிறேன்.

அதே ரத்த ஓட்டப் பாடத்தை எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். தாளில் முதலில் எழுதியது ஒரே ஒரு கேள்வி: இந்த வகுப்பு முடிந்து வெளியே போகும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? "இதயத்தின் நான்கு அறைகளையும் பெயரிடத் தெரிய வேண்டும்" என்று முதலில் எழுதினேன். அது போதாது என்று பட்டது. "இதயம் அடுத்தடுத்து ஒட்டிவைத்த இரண்டு பம்புகள், ஒன்று நுரையீரலுக்கு, மற்றொன்று உடலுக்கு" என்று மாற்றி எழுதினேன். இதை எழுதியதும் 62 ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் தாமாகவே கழன்று விழுந்தன. மனித இதயத்தின் எடை, அது இருக்கும் இடம், அதைச் சுற்றியுள்ள உறை எல்லாம் தேவையான விஷயங்கள்தான். அவற்றைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

முதல் ஸ்லைடில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் மட்டும். லேபிள் கிடையாது, தலைப்பும் கிடையாது. "என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். சில நொடிகளில் ஒரு பையன், "ஒரு பக்கம் சுவர் குண்டா இருக்கு" என்றான். முந்தின தடவை ஐந்து நிமிடம் விளக்கியும் சேராத விஷயம், இப்போது பிள்ளையின் வாயிலிருந்தே கேள்வியாக வந்தது. அடுத்த ஸ்லைடில் அதே படம், அதே அளவு, அதே இடம். வலப்பக்க அறைகள் இரண்டும் மட்டும் நிறத்தோடு, மற்றவை வெளிறி. அங்கிருந்து நுரையீரலுக்கு ஓர் அம்பு. அடுத்ததில் இடப்பக்கம், உடல் முழுவதற்கும் அம்புகள். இரண்டு அம்புகளின் நீளத்தையும் ஒப்பிட்டதும், தடித்த சுவருக்கான காரணத்தை வகுப்பே சொன்னது. படம் ஸ்லைடுக்கு ஸ்லைடு ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஸ்லைடை நகலெடுத்து மாற்றினால் இது தானாக அமைந்துவிடும். படம் குதித்தால், எது மாறியது என்று தேடுவதிலேயே கண் போய்விடும்.

நீல நிறத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை எல்லாப் படங்களிலும் நீலமாகக் காட்டுவது வழக்கம். நானும் அப்படியே காட்டினேன். "உடம்புக்குள்ள நீல ரத்தமும் இருக்கா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ரத்தமும் சிவப்புதான், கருஞ்சிவப்பு. நாம் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கும் நிறத்தைப் பிள்ளை செய்தியாக எடுத்துக்கொள்கிறது. இப்போது அந்த ஸ்லைடைக் காட்டும்போதே, இந்த நீலம் அடையாளத்துக்கு மட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். "இதயத்தின் அமைப்பு" போன்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஒரு முழு வாக்கியத்தைப் போட்டு, கீழே அதற்கான சான்றைப் படமாகக் காட்டு என்பது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பல வருடங்களாகச் சொல்லிவரும் முறை. வாக்கியத்தை எடு என்று சொல்லிவிட்டு, இப்போது வாக்கியம் போடச் சொல்கிறாயே என்று கேட்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதுவும் நான் பேசிக்கொண்டிருக்கும் அதே விஷயம். "இடப்பக்கம் உடல் முழுக்கத் தள்ளுகிறது, அதனால் சுவர் தடிமன்." இதை நான் படத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் திரையில் வரவழைக்கிறேன். தமிழில் இன்னொரு கவனமும் தேவை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. தலைப்பு இரண்டு வரிக்கு நீண்டால், இரண்டாம் வரியின் கடைசிச் சொல் வரை பிள்ளைக்கு அர்த்தம் பிடிபடாது. அதனால் நீளமான ஒன்றை இரண்டு சின்ன வாக்கியங்களாக உடைத்துவிடுவேன்.

முக்கியமானது எது என்று ஸ்லைடே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் பதிவாகி இருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பும்போது ஒரு நுரைத்துண்டு அதன் இடது இறக்கையில் மோதியது. அந்த அடி எவ்வளவு ஆபத்தானது என்று, ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகள் நம்பிக்கை தருவது போன்ற தொனியில் இருந்தது. அடுக்கடுக்கான புல்லட்டுகளுக்கு அடியில், கடைசி வரியில்தான் அந்த எண்கள் இருந்தன: சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியது 1,920 கன அங்குலம் என்ற மதிப்பீடு. 640 மடங்கு. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது ஓடம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஸ்லைடை, தகவலைக் காட்சியாகக் காட்டும் முறைகளில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி வரிவரியாக ஆராய்ந்தது, விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இடம்பெற்றது. துணைப் புல்லட்டுக்குள் துணைப் புல்லட் போடத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி வரி ஞாபகம் வரும். அடுக்கு கீழே இறங்க இறங்க எழுத்து சின்னதாகிறது. படிப்பவர் அதை 'முக்கியம் குறைவு' என்றே எடுத்துக்கொள்கிறார்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்கள் எழுத்துருவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். வரிக்கு ஆறு சொல், ஸ்லைடுக்கு ஆறு வரி என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஆங்கிலத்தை மனதில் வைத்தது. "ஒளிச்சேர்க்கையின்போது" என்ற ஒரே சொல் பெரிய எழுத்தில் பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும். எழுத்தைச் சின்னதாக்கி அடைத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மெல்லிய எழுத்துருவில், கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் க் எது, க எது என்று தெரியாது. சரி, தடித்த எழுத்தாக்கிவிடலாம் என்றால் சுழிகள் அடைபட்டு, இரண்டு சுழி ன-வும் மூன்று சுழி ண-வும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. நான் 28 பாயின்ட் எழுத்தளவுக்குக் கீழே இறங்குவதில்லை. புதுச் சொல் அறிமுகமாகும்போது 60 வரைகூடப் போவேன். நம் எழுத்துகள் மேலே கீ, கீழே கூ என்று இரு பக்கமும் நீள்வதால், வரி இடைவெளியையும் சற்றுக் கூட்ட வேண்டும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டுவதே இல்லை. இருபக்கமும் சமன்செய்தால் நீளச் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தாலே போதும்.

இன்னொரு தமிழ்ப் பிரச்சினையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடை பென்டிரைவில் எடுத்துப்போய் வேறொரு கணினியில் திறந்தால், திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நாம் தேர்ந்தெடுத்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகள் இடம் மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் வரும் நிர்மலா போன்ற பரவலான எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதியையும் தேர்வுசெய்யுங்கள். பாதுகாப்புக்கு ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்துக்கொள்வேன்.

எழுத்து போதுமான அளவு பெரிதா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி பெஞ்சு திரையிலிருந்து 8 மீட்டர் தூரம், திரையில் விழும் படம் 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தூரம், அகலத்தைப் போல நான்கு மடங்கு. 14 அங்குல லேப்டாப் திரையின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர். அதன் நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 125 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு எந்த அளவில் தெரியுமோ அதே அளவில் நமக்குத் தெரியும். உங்கள் அறையை ஒருமுறை அளந்துகொண்டால் போதும், எப்போதைக்கும் உதவும்.

லேப்டாப்பில் தெரியும் நிறம் திரையில் அப்படியே வராது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, அது வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். கறுப்பு என்று நாம் நினைக்கும் இடம், ஒளி விழாத வெறும் திரைதான். ஜன்னல் திறந்த வகுப்பறையில் அந்தத் திரை எவ்வளவு வெளிறித் தெரிகிறதோ, அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் கறுப்பு. கருநீலப் பின்னணியில் செல்லின் நுண்ணோக்கிப் படத்தை அழகாக வைத்திருந்தேன். பகல் வெளிச்சத்தில் அது சாம்பல் மூட்டமாகிவிட்டது. அதிலிருந்து வெள்ளைப் பின்னணி, அடர்ந்த எழுத்து என்று மாறிவிட்டேன். இருண்ட புகைப்படங்களைச் சேர்ப்பதற்கு முன் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறேன்.

ஒருமுறை கிராஃப் ஒன்றில் இரண்டு கோடுகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. "பச்சைக் கோட்டைப் பாருங்க" என்றேன். ஒரு மாணவன் மட்டும் பக்கத்துப் பையனிடம் எது என்று கேட்டான். அவனுக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் குறை உண்டு. பெண்களில் இது அரை சதவீதம் அளவு. மற்ற மக்களிடையே விகிதம் சற்று மாறினாலும், ஒரு வகுப்பில் ஒருவர் இருக்க நல்ல வாய்ப்புண்டு. இப்போது ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, ஒவ்வொரு கோட்டின் முனையிலேயே அதன் பெயரை எழுதிவிடுகிறேன். மூலையில் நிறப் பட்டியல் வைத்தால் எல்லாப் பிள்ளைகளின் கண்ணும் அங்கும் இங்கும் ஓட வேண்டியிருக்கும். அந்தச் சிரமமும் இதோடு போயிற்று.

அனிமேஷனில் 'அப்பியர்' ஒன்றே போதும். சுழன்று வரும் எழுத்தும் பறந்து வரும் படமும் வேண்டாம்.

கரும்பலகையை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை. சாக்பீஸுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நான் எழுதும் வேகத்தில்தான் விஷயம் வரும். அந்த வேகத்தில் பிள்ளைகளாலும் எழுத முடியும். கணக்குகளை, சமன்பாடுகளைச் சமன்செய்வதை, நான் இன்றும் ஸ்லைடில் காட்டுவதில்லை. ஒவ்வொரு படியிலும் நான் யோசிப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் B விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். கேள்வி கேட்டதும் இதைச் செய்கிறேன். திரை அணைந்தால் பார்க்க வேறெதுவும் இல்லாததால் முகங்கள் என் பக்கம் திரும்புகின்றன. அப்புறம் பொறுத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, புதுப் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே எழுதினார். மூன்று நொடி மௌனம் வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும். பழகிக்கொள்ளலாம்.

இப்படி ஸ்லைடு செய்யத் தொடங்கியதும் எனக்கு வந்த எதிர்ப்பு நியாயமானது. அன்று வராத பிள்ளை, "பிபிடி அனுப்புங்க டீச்சர்" என்று கேட்கிறது. அனுப்பினால், அம்பு போட்ட நான்கு படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பரீட்சைக்கு எதைப் படிக்கும்? பல ஆசிரியர்கள் ஸ்லைடில் எல்லாவற்றையும் எழுதுவதற்கு உண்மையான காரணம் இதுதான், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பதற்கான தாளையும் பார்ப்பதற்கான படத்தையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெட்டுப்போகின்றன. நான் பாடத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு தனியாக எழுதுகிறேன். புல்லட் இல்லாமல், காரணங்களோடு, முழு வாக்கியங்களாக. ஸ்லைடிலிருக்கும் முக்கியமான படம் அதிலும் இருக்கும். வகுப்பு தொடங்கும்போதே, "குறிப்பு கடைசியில் தருவேன், இப்போது எழுத வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள் பிள்ளைகள் நம்பவில்லை. பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்கள். தயாரிப்பு நேரம் கூடுகிறதா என்றால், கூடுகிறது. ஆனால் 62 ஸ்லைடு செய்த அந்த இரண்டு இரவைவிடக் குறைவுதான்.

எழுத்து தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. காது சரியாகக் கேட்காத ஒருவர் இருந்தால், படத்தோடு பேச்சு என்ற ஏற்பாடு அவரை வெளியே நிறுத்திவிடும். பாடமொழி வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைக்கும் எழுத்தைப் பார்ப்பது கை கொடுக்கும். அப்படி ஒருவர் வகுப்பில் இருந்தால் குறிப்பை முந்தின நாளே கொடுத்துவிடுகிறேன், சுருக்கமான லேபிள்களைக் கூட்டுகிறேன். வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி போன்ற புதுச் சொற்களை எல்லோருக்குமே பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும். காதால் மட்டும் கேட்ட கலைச்சொல்லை எந்தப் பிள்ளையும் சரியாக எழுதுவதில்லை.

கடைசி ஸ்லைடில் 'நன்றி' போடுவதை விட்டுவிட்டேன். மணி அடித்து, பை கட்டி, எழுந்து போகும்வரை அதிக நேரம் திரையில் நிற்பது அந்த ஸ்லைடுதான். இப்போது அங்கே முதல் ஸ்லைடையே திரும்பப் போடுகிறேன்: லேபிள் இல்லாத அந்த இதயப் படம். போன முறை இந்தப் பாடத்தை எடுத்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து வந்த இரண்டு பேர் வாசலுக்குப் போகாமல் திரைக்குப் பக்கத்தில் நின்று, விரலால் ரத்தம் போகும் வழியைத் தொட்டுத் தொட்டுக் காட்டி வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி நுரையீரலுக்குப் போகும் வழியை விட்டுவிட்டாள். மற்றவள் அவள் கையைப் பிடித்துத் திரும்ப வலப்பக்கத்துக்கே கொண்டுபோய் வைத்தாள்.